பிரிட்ஜ் குளிரவில்லையா? ‘கேஸ் போய்விட்டது’ என்று முடிவு கட்டுமுன்...

பௌர்ணமிக்கு முதல் நாளே பால், தயிர், மோர், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் வழக்கத்தைவிடக் கூடுதலாக வாங்கி அடுக்கி வைப்பது நமது ஊர் வியாபாரிகளின் பழக்கம். கிரிவலம் வருகிற பக்தர்கள் கடை வாசலில் நின்று முதலில் கேட்பது, சில்லென்று ஏதாவது இருக்கிறதா என்பதைத்தான். அன்றைக்குப் பார்த்து பிரிட்ஜ் குளிராமல் போனால் நஷ்டம் ரிப்பேர் செலவோடு நிற்பதில்லை. பால் திரிகிறது, தயிர் புளிக்கிறது, ஒரு மாதமாக எதிர்பார்த்திருந்த வியாபாரம் ஓர் இரவில் கைநழுவுகிறது. அந்த அவசரத்தில் கிடைத்த மெக்கானிக்கை அழைக்கிறோம். அவர் பின்புறம் கையை வைத்துப் பார்த்துவிட்டு, “கேஸ் போயிடுச்சு முதலாளி, சார்ஜ் பண்ணணும்” என்கிறார். நாமும் தலையாட்டிவிடுகிறோம்.

மெக்கானிக்குகளைக் குறை சொல்வது இக்கட்டுரையின் நோக்கமல்ல. நல்ல தொழிலாளிகள் நமது ஊரிலேயே இருக்கிறார்கள். ஆனால் குளிராத பிரிட்ஜ் எல்லாவற்றிலும் கேஸ் போயிருப்பதில்லை. கேஸுக்கு முன்பாகப் பார்க்க வேண்டியவை பல. அவற்றில் பலவற்றுக்குச் செலவே கிடையாது, ஐந்து நிமிட நேரம் போதும். சின்னக்கடைத் தெருவிலும் மாட வீதிகளிலும் கிரிவலப் பாதையிலும் உள்ள பல சிறு கடைகளில் இருப்பது கம்பெனிக்காரர்கள் தந்த கண்ணாடிக் கதவுப் பெட்டியல்ல, சொந்தக் காசில் வாங்கிய வீட்டு உபயோகப் பிரிட்ஜ்தான். வீட்டிலும் அதுவே. எனவே அதைப் பற்றியே இங்கு விவரமாகச் சொல்கிறோம்.

கேஸ் தீர்ந்துபோகிற பொருளல்ல

பிரிட்ஜ் குளிரை உண்டாக்குகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அது உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து வெளியே கொண்டுபோய்ப் போடுகிறது, அவ்வளவுதான். லாரியிலிருந்து மூட்டையை இறக்கிக் கிடங்கில் போடுகிற ஆளின் வேலையைக் கேஸ் செய்கிறது. பிரீசர் சுவரில் உள்ள குழாயில் அது ஆவியாகும்போது உள்ளே இருக்கிற சூட்டைச் சுமந்துகொள்கிறது. கம்ப்ரஸர் அதை அழுத்தித் தள்ளுகிறது. பழைய பிரிட்ஜ்களில் பின்புறம் தெரியும் கறுப்புக் கம்பி வலையிலும், பல புதிய மாடல்களில் பக்கச் சுவர்களுக்குள் மறைந்திருக்கும் குழாயிலும் அது சூட்டை இறக்கிவிட்டுத் திரவமாக மாறுகிறது. பிறகு நூல் போன்ற மெல்லிய குழாய் வழியாகத் திரும்பவும் பிரீசருக்கு வருகிறது. இது மூடிய சுற்று. சமையல் கேஸ் சிலிண்டர் தீர்வதுபோல் இந்தக் கேஸ் தீராது. இருபது வருடம் ஓடினாலும் உள்ளே போட்ட கேஸ் அப்படியே இருக்க வேண்டும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்புவது, பொத்தல் சாக்கில் அரிசி கொட்டுவதற்குச் சமம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, பிரிட்ஜ் குளிரவில்லை என்று தெரிந்ததும் எங்கிருந்து தொடங்குவது என்று பார்ப்போம்.

முதலில் கரண்ட்

கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் பிரிட்ஜைச் சந்தேகப்படும் முன் அந்தப் பிளக்கில் ஒரு டேபிள் ஃபேனோ செல்போன் சார்ஜரோ போட்டுப் பார்க்க வேண்டும். டெஸ்டரை மட்டும் நம்ப வேண்டாம். நியூட்ரல் அறுந்திருந்தாலும் டெஸ்டரில் விளக்கு எரியும், ஆனால் எந்தச் சாமானும் ஓடாது. பிளக்கு கருகியிருக்கிறதா, தொளதொளவென்று ஆடுகிறதா, எலி வயரைக் கடித்திருக்கிறதா என்றும் பார்ப்பது நல்லது. மளிகைக் கடையில் எலியைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பிரிட்ஜின் உடம்பைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றால் அங்கேயே நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். அதற்குமேல் எலெக்ட்ரீஷியன் வேலை.

விளக்கு எரிகிறது, ஆனால் கம்ப்ரஸர் ஓடுகிற சத்தம் இல்லை. இப்போது வோல்டேஜைக் கவனிக்க வேண்டும். நமக்கு வர வேண்டியது 230 வோல்ட். திருவிழா நாட்களில் தெரு முழுக்கக் கடை போட்டு, விளக்கும் மோட்டாரும் ஒன்றாக ஓடும்போது அது இறங்கிவிடுகிறது. 180-க்குக் கீழே போனால் பழைய வகைக் கம்ப்ரஸர் பல நேரம் கிளம்ப முடியாமல் முனகும். சில வினாடி உறுமிவிட்டு ‘டிக்’ என்று நின்றுபோகும். சில நிமிடம் கழித்து மறுபடியும் அதே உறுமல், அதே ‘டிக்’. சூடு அதிகமானதும் கரண்டைத் துண்டிக்கிற ஓவர்லோடு என்ற சிறு பாகம் செய்கிற வேலை இது. இப்படி ராத்திரி முழுக்க முனகவிட்டால் கம்ப்ரஸருக்குள் இருக்கிற காயில் எரிந்துபோகும். அப்போது செலவு சில ஆயிரங்களில் போய் நிற்கும். எனவே ‘டிக் டிக்’ சத்தம் கேட்டால் முதல் காரியம் பிளக்கைப் பிடுங்குவது.

இன்னொரு பழக்கமும் கம்ப்ரஸரைக் கெடுக்கிறது. கரண்ட் போய் உடனே வந்தாலோ, நாமே சுவிட்சை அணைத்து உடனே போட்டாலோ, குழாய்க்குள் அழுத்தம் தணியாத நிலையில் கம்ப்ரஸர் கிளம்பப் பார்க்கிறது, முடியாமல் திணறுகிறது. ஐந்து நிமிடம் பொறுத்துப் போட வேண்டும். நேரம் கழித்து இணைக்கும் வசதியுள்ள ஸ்டெபிலைசர் இதைத் தானே செய்துவிடும். ஸ்டெபிலைசர் தேவையில்லை என்று விற்கப்படும் புது மாடல்களும் ஒரு குறிப்பிட்ட வோல்ட் எல்லைக்குள் மட்டுமே அப்படி ஓடும். அந்த எல்லை எது என்பது கையேட்டில் இருக்கும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பிரிட்ஜை மாட்டுவதும் வேண்டாம். மெல்லிய வயரில், அதே பாக்ஸில் கிரைண்டரும் ஓடினால், சுவரில் 210 வோல்ட் இருந்தாலும் பிரிட்ஜுக்குப் போய்ச் சேருவது அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

பட்டனும் நம்பரும்

ஒற்றைக் கதவுப் பிரிட்ஜ்களில் தெர்மோஸ்டாட் திருகியின் நடுவில் ஒரு சிறு பட்டன் இருக்கும். ஐஸைக் கரைப்பதற்கான டீஃப்ராஸ்ட் பட்டன் அது. அதை அழுத்திவிட்டால் பிரீசரில் உள்ள ஐஸ் கரைந்து முடியும்வரை கம்ப்ரஸர் ஓடாது. கடைப் பையன் பால் பாக்கெட்டை எடுக்கும்போது கை பட்டு அழுந்தியிருக்கலாம், அல்லது வீட்டுக் குழந்தைகள் விளையாட்டாக அழுத்தியிருக்கலாம். விளக்கு எரியும், கம்ப்ரஸர் மட்டும் ஊமையாக இருக்கும். இதற்காகவே மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பணம் கொடுத்தவர்கள் உண்டு.

திருகியை பூஜ்யத்திலிருந்து கடைசி நம்பர் வரை மெதுவாகத் திருப்பினால் நடுவில் ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்து கம்ப்ரஸர் கிளம்ப வேண்டும். இல்லையென்றால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்கலாம். இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் உள்ள மாடல்களில் இப்படிச் சத்தம் கேட்காது. அவை மெதுவாக, ஏறக்குறைய ஓசையில்லாமல் ஓடும். கம்ப்ரஸரைத் தொட்டு அதிர்வு தெரிகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

நம்பர் விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. நம்பர் ஏற ஏறக் குளிர் கூடும் என்பதுதான் வழக்கமான அமைப்பு. அதற்காகக் கோடை முழுக்கக் கடைசி நம்பரிலேயே வைத்துவிடுவதும் சரியல்ல. கம்ப்ரஸர் நிற்காமல் ஓடி, பிரீசர் சுவரில் விரல் தடிமனுக்கு ஐஸ் படிந்துவிடும். ஐஸ் பார்ப்பதற்குக் குளிர்ச்சியாக இருந்தாலும் அது ஒரு போர்வை. உள்ளே இருக்கிற சூடு குழாயைப் போய்ச் சேராமல் அது தடுக்கிறது. மேலே ஐஸ் மலை போல் இருந்தும் கீழ்த்தட்டில் பால் திரிந்துபோவது இதனால்தான்.

அந்த ஐஸை நீக்கக் கத்தி, ஸ்க்ரூடிரைவர், கரண்டிக் காம்பு எதையும் பயன்படுத்தவே கூடாது. பிரீசர் சுவர் மெல்லிய அலுமினியத் தகடு. ஒரு குத்துப் பட்டால் ‘உஸ்’ என்ற சத்தத்தோடு கேஸ் முழுவதும் வெளியேறிவிடும். உண்மையாகவே கேஸ் போகிற பிரிட்ஜ்களில் பலவற்றுக்கு இந்தக் கத்திதான் காரணம். கரண்டை அணைத்துக் கதவைத் திறந்து வைத்தால் தானாகவே கரையும். அவசரமென்றால் ஒரு பாத்திரத்தில் சுடுதண்ணீர் வைத்துக் கதவைச் சாத்தலாம்.

கடையின் தூசியும் மூட்டையும்

நமது கடைகளுக்கே உரிய கோளாறு ஒன்று உண்டு. மாவு, மிளகாய்த்தூள், தவிடு, சாக்கு நார் இவையெல்லாம் காற்றில் பறந்து பிரிட்ஜின் பின்புற வலையில் கம்பளி போல் படிகின்றன. சூட்டை இறக்க வேண்டிய இடம் அது. போதாததற்கு இடம் பற்றாமல் ஒரு பக்கம் அரிசி மூட்டை, மறுபக்கம் எண்ணெய் டின், தலைமேல் அட்டைப்பெட்டி என்று அடுக்கிவிடுகிறோம். கிடங்கு வாசலை அடைத்துவிட்டால் மூட்டையை எங்கே இறக்குவது? நம் நாட்டில் விற்கும் பிரிட்ஜ்களில் வெப்ப நாட்டுக்கென்று ‘டி’ வகுப்பு குறித்தவை 43 டிகிரி வரையிலான சுற்றுப்புறச் சூட்டைக் கணக்கில் வைத்துச் செய்யப்பட்டவை. அக்கினி நட்சத்திரத்தில் தெருவில் 40 டிகிரி அடிக்கும்போது, தகரக் கூரைக்குக் கீழே, மூட்டைகளுக்கு நடுவே அந்த எல்லை எளிதில் தாண்டிவிடும்.

பின்புறமும் பக்கங்களிலும் குறைந்தது ஒரு சாண் இடம் விடுங்கள். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெயிண்ட் பிரஷ்ஷால் வலையைத் துடைத்தால் போதும். குளிர்பானக் கம்பெனிகள் தருகிற கண்ணாடிக் கதவுப் பெட்டிகளில் இந்த வலை பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் ஃபேனுடன் இருக்கும். தரைத் தூசி முழுவதையும் அது இழுக்கும். ஆனால் அந்தப் பெட்டி கம்பெனியின் சொத்து. முன்கிரில்லில் படிந்த தூசியைத் தட்டுவதோடு நிறுத்திக்கொண்டு மற்றதை அவர்கள் ஆளிடம் விட்டுவிடுவதே நல்லது.

கதவு ரப்பரைச் சோதிக்கப் பத்து ரூபாய் நோட்டு ஒன்று போதும். நோட்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். பிடிமானமே இல்லாமல் வந்துவிட்டால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. சோப்புத் தண்ணீரால் துடைத்து அழுக்கை எடுத்தால் பல நேரம் சரியாகிவிடும். விறைத்து வெடித்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். கதவைச் சாத்திய பிறகு உள்விளக்கு அணைகிறதா என்பதையும் கவனியுங்கள். கதவுச் சுவிட்சை விரலால் அழுத்தினால் தெரிந்துவிடும்.

பழுதில்லை, பாரம்தான் அதிகம்

பௌர்ணமி நாளில் “பிரிட்ஜ் குளிரவில்லை” என்று வருகிற புகாரில் சில பழுதே அல்ல. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி குளிர்விக்க ஒரு கிலோ கலோரிச் சூட்டை வெளியேற்ற வேண்டும். 24 லிட்டர் பாட்டில்களை 35 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்குக் கொண்டுவர 600 கிலோ கலோரி. மின் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 0.7 யூனிட் அளவு சூடு. சிறிய வீட்டுப் பிரிட்ஜின் கம்ப்ரஸர் சூட்டை இழுக்கிற சக்தி 100 வாட் அளவில்தான். ஆக, ஒருமுறைகூடக் கதவைத் திறக்காமல் இருந்தாலே அந்த 24 பாட்டில்கள் குளிர ஏழு மணி நேரம் ஆகும். நாமோ இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திறக்கிறோம். அதே பெட்டியில் இருக்கிற பாலும் தயிரும் அந்த நேரமெல்லாம் சூட்டில்தான் கிடக்கின்றன.

இதற்கு வழி புது பிரிட்ஜ் அல்ல. ஒரு கிலோ ஐஸ்கட்டி உருகும்போது 80 கிலோ கலோரிச் சூட்டை இழுத்துக்கொள்ளும். ஏழெட்டு கிலோ ஐஸ் அந்த 24 பாட்டில்களின் வேலையை முடித்துவிடும். எனவே திருவிழா நாட்களில் தண்ணீர், சோடா வகைகளைத் தெர்மோகோல் பெட்டியில் ஐஸோடு போட்டுவிட்டு, பிரிட்ஜைப் பாலுக்கும் தயிருக்கும் மட்டும் ஒதுக்குவது புத்திசாலித்தனம். பக்கத்து வீட்டார் கொண்டுவந்து கொடுக்கிற சூடான சாம்பார்ப் பாத்திரத்துக்கு அன்று இடமில்லை என்று முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிடலாம்.

கம்ப்ரஸர் ஓடுகிறது, குளிர் மட்டும் இல்லை

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் குளிரவில்லையா? கம்ப்ரஸரை அரைமணி நேரம் ஓடவிட்டுக் கையால் தொட்டுப் பாருங்கள். பின்புற வலையோ பக்கச் சுவரோ வெதுவெதுப்பாக இருந்தால் கேஸ் சுற்றுகிறது, சூடு வெளியேறுகிறது என்று பொருள். அப்படியானால் காரணம் கதவு, பாரம், தெர்மோஸ்டாட் பக்கத்தில்தான் இருக்கும். கம்ப்ரஸர் மட்டும் கொதிக்கிறது, வலை சில்லென்று இருக்கிறது, பிரீசரில் ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் பனி, அல்லது பனியே இல்லை என்றால்தான் கேஸ் கசிவையோ, குழாய் அடைப்பையோ, கம்ப்ரஸர் தேய்வையோ சந்தேகிக்க வேண்டும்.

இரட்டைக் கதவு ஃப்ராஸ்ட்-ஃப்ரீ வகையில் மேல்பகுதி குளிர்ந்து கீழ்ப்பகுதி மட்டும் குளிராமல் போவது அடிக்கடி நடப்பது. அதில் குளிரைக் கீழே அனுப்புவது ஒரு சிறு ஃபேன். ஃபேன் நின்றிருக்கும், அல்லது மறைவில் ஐஸ் கட்டிக் காற்றுப் பாதையை அடைத்திருக்கும். கரண்டை அணைத்து, கதவுகளைத் திறந்து, ஒரு நாள் முழுக்க விட்டுப் பிறகு போட்டுப் பாருங்கள். நன்றாகக் குளிர்ந்து, சில நாட்களில் மறுபடி நின்றால், ஐஸ் கரைக்கும் ஹீட்டர் அல்லது அதன் சென்சார் பழுது. இதற்குக் கேஸ் சார்ஜ் செய்வது வீண் செலவு.

கம்ப்ரஸர் கிளம்பாமல் ‘டிக்’ என்று நிற்கிற பிரச்னை வோல்டேஜ் சரியாக இருக்கும்போதும் தொடர்ந்தால், பல நேரம் காரணம் பக்கத்தில் மாட்டியிருக்கிற ரிலே அல்லது கப்பாசிட்டர்தான். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை அது. “கம்ப்ரஸர் போச்சு” என்று சொன்னால், ரிலேயை மாற்றிப் பார்த்தீர்களா என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

கேஸ் போட்டே ஆக வேண்டுமென்றால்

என்ன கேஸ், எத்தனை கிராம் என்பது பிரிட்ஜில் ஒட்டியுள்ள தகட்டில் எழுதியிருக்கும். முன்பு இருந்தது ஆர் 12. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 1987-இன் மாண்ட்ரீல் உடன்படிக்கையில் அது சேர்க்கப்பட்டது. இந்தியா 1992-இல் அந்த உடன்படிக்கையில் இணைந்தது. 2003 தொடக்கத்திலிருந்து இங்கு புதுப் பிரிட்ஜ்களில் அந்தக் கேஸ் போடத் தடை வந்தது. பிறகு ஆர் 134ஏ. இப்போது வரும் வீட்டுப் பிரிட்ஜ்களில் பரவலாக இருப்பது ஆர் 600ஏ. இது ஐசோபியூட்டேன், தீப்பற்றக் கூடியது. அளவு சில பத்து கிராம்தான் என்றாலும், இதைக் கையாளத் தெரிந்தவர்தான் தொட வேண்டும். உள்ளே கேஸ் இருக்கும்போதே குழாயில் பற்றவைப்பு விளக்கைக் காட்டுகிறவரை அந்த நிமிடமே நிறுத்துங்கள். பக்கத்தில் அடுப்பு, ஊதுவத்தி, கற்பூரம் எதுவும் இருக்கக் கூடாது. ஒரு கேஸுக்குப் பதில் வேறொன்றை ‘இதுவும் ஓடும்’ என்று போடுவதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. ஓட்டை எங்கே இருந்தது, காட்டுங்கள். பில்டரை மாற்றினீர்களா? வேக்குவம் பம்ப் போட்டு உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் இழுத்தீர்களா? தராசில் நிறுத்துத்தான் கேஸ் போட்டீர்களா? தராசு பார்த்து வாங்குவதும் விற்பதும் நமக்குப் புதிதல்லவே. இந்த விவரங்களோடு கையெழுத்திட்ட பில்லும், கழற்றிய பழைய பாகமும் வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டையைக் காட்டாமல் சார்ஜ் செய்த கேஸ் அடுத்த சில வாரங்களில் மறுபடி போனால், பேசுவதற்கு அந்த பில் வேண்டும்.

அதுவரை சரக்கை என்ன செய்வது

கதவைத் திறக்காமல் இருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும் என்பது பொதுக் கணக்கு. சித்திரை வெயிலில், பாதி காலியான பெட்டியில் அதை நம்ப முடியாது. ஒரு சிறு தெர்மாமீட்டரை வாங்கித் தண்ணீர் டம்ளரில் போட்டு நடுத்தட்டில் வைத்திருங்கள். காலையில் கடை திறந்ததும் 5 டிகிரிக்குள் காட்ட வேண்டும். பிரிட்ஜ் நின்றது தெரிந்தவுடன் பால், தயிர், பனீர், மாவு பாக்கெட்டுகளை முதலில் ஐஸ் பெட்டிக்கு மாற்றுங்கள். நெய், சாஸ், திறக்காத அட்டைப்பெட்டிப் பால் ஆகியவை வெளியே இருக்கலாம். உருகிய ஐஸ்கிரீமை மறுபடி உறையவைத்து விற்கக் கூடாது.

திரிந்ததோ இல்லையோ என்ற சந்தேகத்தில் உள்ள பாலை விலை குறைத்துத் தள்ளிவிடலாம் என்ற எண்ணமும் ஆபத்து. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு தயாரிப்பாளரோடு விற்பனையாளரையும் பொறுப்பாக்குகிறது. காலாவதியான பொருளுக்கும், சுகாதாரக் கேடான முறையில் வைத்திருந்த பொருளுக்கும் விற்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். பிரிட்ஜ் ரிப்பேர் என்பது அங்கே சாக்காகாது.

கடைசியாக வாரண்டி. பல கம்பெனிகளின் அட்டையில் ‘வீட்டு உபயோகத்துக்கு மட்டும்’ என்று அச்சிட்டிருக்கும். கடையில் வைத்தால் இலவச சர்வீஸ் மறுக்கப்படலாம். கம்ப்ரஸருக்கு 10 வருடம் என்று பெரிதாகப் போட்டிருந்தாலும், பலவற்றில் அது அந்தப் பாகத்துக்கு மட்டும்தான், கேஸும் கூலியும் தனி. வாங்கும்போதே கடைக்கென்று சொல்லி, வாரண்டி உண்டா என்று எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று சிலர் நம்மைத் திருப்பி அனுப்புவதுண்டு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலோ, சுயதொழில் மூலம் தன் ஜீவனத்துக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துகிறவருக்கு விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. தன் ஒருவர் உழைப்பில் கடை நடத்துகிற சிறு வியாபாரி, பில்லும் வாரண்டி அட்டையும் கையில் இருந்தால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.